வெள்ளிங்கிரி சிக்கன் சென்டர்

பிரியாணிக் கடையா போடப் போறீங்க? கோழியா, ஆடா?

இல்லீங்க்கா, சும்மாதான் கேட்டேன். சாவி இதோ என் இடுப்புலதான் இருக்கு, திறந்து காட்டறேன். பாப்பாவைச் சித்த நேரம் பிடிச்சுக்குங்க. அழ மாட்டா, உங்க வளையலைத்தான் பிடுங்குவா. இந்த ஷட்டர் ரொம்ப நாளாத் திறக்காம மக்கர் பண்ணும். கீழே ஒரு உதை விட்டுட்டுத்தான் தூக்கோணும். இப்படி. பாத்தீங்களா, எனக்கு மட்டும்தான் படியும்.

உள்ளே வாங்க. சுவரு பூரா டைல்ஸ் போட்டிருக்கு. தண்ணிக் குழாய் உள்ளேயே இருக்கு. ஃபேனை மட்டும் நாங்க கழட்டிட்டுப் போயிட்டோம். பஸ் ஸ்டாப் எதுத்தாப்லேயே. ஞாயித்துக்கிழமையானா ஊருக்குள்ளே போற அத்தனை வண்டியும் இந்த வேகத்தடையில மெதுவாகித்தான் போகோணும். மெதுவாப் போறவனுக்கு மூக்குல வாசனை ஏறுச்சுன்னா நிக்காமப் போவானா? நீங்களே சொல்லுங்க.

அந்த போர்டுங்களா? எங்க பழைய போர்டுதான். சுவத்தைப் பாத்த மாதிரித் திருப்பி வெச்சிருந்தேன், எலி கிலி தள்ளிவிட்டிருக்கும். ஆமாங்க, 'வெள்ளிங்கிரி சிக்கன் சென்டர்'. அந்தச் சேவல் படம் நான் சொல்லிப் போட்டது. 

வெள்ளிங்கிரி எங்க அப்பிச்சி. எங்கம்மாவைப் பெத்தவர். இந்தக் கடையை எனக்குக் கல்யாணச் சீராக் குடுத்தவரும் அவர்தான், இந்தக் கடைக்குப் பூட்டு மாட்ட வெச்சவரும் அவர்தான். போன மழைக்கு முன்னாடி செத்துப் போயிட்டார். செத்தவங்களைத் திட்டாதேன்னு எங்கம்மா சொல்லுது. நான் திட்டுவேன். உயிரோட இருந்தப்ப ஒழுங்காத் திட்ட முடியலை, பாதி காது கேக்காது அவருக்கு.

நீங்க காங்கயம் பக்கம், உங்களுக்குத் தெரியாது. இங்கே 'வேட்டு வெள்ளிங்கிரி'ன்னா யாரும் வழி சொல்லுவாங்க. அதோ தெரியுதுல்லீங்க கம்பி வேலி, அதுக்கு அந்தப் பக்கம் பூரா ஏர்போர்ஸ் கேம்ப். அதுலதான் அவருக்குக் காலம் பூரா வேலை. உடனே கண்ணை விரிக்காதீங்க. எல்லாரும் இப்படித்தான் விரிப்பாங்க. என் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை ஒருத்தர், "உங்க அப்பிச்சி பைலட்டாமே?"ன்னு கேட்டுட்டே கையைப் பிடிச்சுக்கிட்டார்.

பிளேன் ஓட்டலீங்க. காக்கா ஓட்டினார்.

சிரிங்க, சிரிங்க. நாங்களும் சிரிச்சுத்தான் வளந்தோம். பிளேன் ஏறி எறங்கற ரன்வே இருக்குதில்லீங்க, அதுல பருந்து, கொக்கு, ஆக்காட்டி எதுவும் வந்து உக்காராமப் பாத்துக்கோணும். அதுக்கு ஆளுங்க இருக்காங்க. நாம தீபாவளிக்கு வெடிக்கிறதை அவங்க வருஷம் பூரா வெடிக்கோணும். வெடிச்சு வெடிச்சுத்தான் இடது காது போச்சு. இதுல என் பேரு வேற மைனாவதி. எங்கப்பா வெச்சது. கேம்ப்புல இருக்கறவங்கெல்லாம், "வெள்ளிங்கிரி, ஊர் மைனாவையெல்லாம் வெரட்டறே, உன் வீட்டு மைனாவை என்ன பண்ணுவே?"ன்னு கேலி பண்ணுவாங்களாம். அவர் ஒரு நாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மிணிதான்.

நாம கூப்பிட்டாக் கேக்காதுன்னு சொன்னேனில்ல? ஆனா பிளேன் சத்தம் மட்டும் கேக்கும். மத்தவங்களுக்கெல்லாம் கேக்கறதுக்கு முன்னாடியே கேக்கும். சத்தத்துலேயே சொல்லிருவார், இது சரக்கு ஏத்தறது, இது சண்டைக்குப் போறது, இது பழகற பசங்க ஓட்டறதுன்னு. சோத்துல கையை வெச்சிருப்பார், அப்படியே நின்னுரும். வாயில போட்டது வாயிலேயே இருக்கும், மெல்ல மாட்டார். பிளேன் சுத்தி வந்து, தாழ வந்து, தரையைத் தொடற வரைக்கும் அப்படியே இருப்பார். அப்புறம் ஒரே வார்த்தை: "எறங்கிருச்சு." அதுக்கப்புறம்தான் மெல்லுவார். குழம்பு ஊத்த வந்தவங்களும் கரண்டியைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கோணும். 

அவர் ஒரு தடவை கூட பிளேன்ல போனதில்லீங்க. பல்லடம் பஸ்ஸுல ஏறினாலே வாந்தி எடுப்பார்.

இந்தப் போனைப் பாருங்க, என் கல்யாணப் போட்டோ. தாலி கட்டற நேரம். எல்லாரும் அட்சதை போடறாங்களா? எங்கம்மா கண்ணைத் துடைச்சுட்டே போடுது. அந்தத் தூணு ஓரமா, வெள்ளை வேட்டி, மூடின கையை நெஞ்சுக்கு நேரா வெச்சுட்டு, மொகத்தை அண்ணாந்துட்டு ஒருத்தர் நிக்கறாருல்ல? அவர்தான். பந்தல் துணியைத் தாண்டி வானத்தைப் பாக்கறாராம். பேத்தி கழுத்துல தாலி ஏறுது, அவர் பிளேன் எறங்குதான்னு பாத்துட்டு நிக்கறார். அட்சதையை அப்புறமாப் போட்டார். நாங்க எந்திரிச்சுப் போயிட்டோம், வெறும் மணை மேல விழுந்துச்சு.

அன்னிக்கு எனக்கு வந்த...

இருங்க.

ம். என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், கோவம். அன்னிக்கு வந்த கோவம் போயிருச்சுங்க. கல்யாணத்துல கோவப்பட்டா போட்டோவுல மூஞ்சி நல்லா இருக்காதுன்னு சிரிச்சுட்டே இருந்துட்டேன். கடை விஷயத்துல வந்த கோவம்தான் போக மாட்டேங்குது.

எங்கூட்டுக்காரர் திருப்பூருல பனியன் கம்பெனியில இருந்தார். ராத்திரி ஷிப்ட்டு, பகல் ஷிப்ட்டுன்னு மாறி மாறிப் போயி, வீட்டுக்கு வந்தா உக்காந்தபடியே தூங்குவார். நான்தான் சொன்னேன், சீராக் குடுத்த கடை சும்மாக் கிடக்குது, கோழிக் கடை போடலாம், வெட்டறதை நீங்க பாருங்க, விக்கறதை நான் பாக்கறேன்னு. பேச்சு எனக்கு நல்லா வருமுங்க. அரைக் கிலோ கேட்டு வந்தவங்க என்கிட்டப் பேசிட்டு ஒரு கிலோ வாங்கிட்டுப் போவாங்க. 

பேரு வெக்கறப்ப அவருக்கு எங்க மாமனார் பேர் வெக்கோணும்னு ஆசை. நான் விடலை. கடை குடுத்தவர் பேருதான்னு சொல்லிட்டேன். எவ்வளவு பாசம் பாருங்க எனக்கு! 

கடை திறக்கற அன்னிக்கு அப்பிச்சி சலவை வேட்டி கட்டிட்டு வந்தார். போர்டைப் பாத்தார். அவருக்குப் படிப்பு கம்மி, தன் பேரை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிச்சார். படிச்சுட்டு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? நேராக் கடைக்குப் பின்னாடி போயிட்டார். முன்னாடி பூசணிக்காய் உடைக்கறோம், தேங்காய் உடைக்கறோம், தாத்தாவைக் கூப்பிடுன்னு எல்லாரும் தேடறாங்க. அவர் பின்னாடி பாறைக்குழி ஓரமா நின்னு மேலே பாத்துட்டிருக்கார்.

பின்னாடி கதவைத் திறக்கறேன், பாருங்க. மண்ணு மேடா இருக்குதில்ல, அதான் பாறைக்குழி. அந்தக் காலத்துல கல்லு உடைச்ச பள்ளம். அப்ப மூடாம ஆழமாக் கிடந்துச்சு. ஊரே குப்பை கொட்டும். நாங்களும் கொட்டினோம். கோழி வெட்டினா குடலு, எறகு, தலைன்னு இருக்கும்ல? மடியிலயா கட்டிக்க முடியும்?

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நாள் காலையில வந்து நின்னார்.

"அம்மிணி, பருந்து கூடுது."

"கூடட்டும் அப்பிச்சி. சாமி வாகனம்தான."

"பிளேன் எறங்கற வழி புள்ள இது."

"உங்களுக்கு ரிடையர்னு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பி எத்தனை வருஷம் ஆச்சு? வானத்துக்கு இன்னும் நீங்கதான் காவலா?"

"வானத்துக்கு என்னத்துக்குக் காவலு? எறங்கறவனுக்குத்தான்."

எங்கூட்டுக்காரர் உள்ளேருந்து, "பருந்து மெத்து மெத்துன்னுதானுங்க இருக்கும், அவ்வளவு பெரிய பிளேனை என்ன பண்ணீரும்?"னு கேட்டார். நியாயமான கேள்விதான?

அதுக்கு அவர், "மாப்பிள்ளை, மழையில வண்டி ஓட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டார். "மூஞ்சியில துளி விழுந்தா ஊசியாட்டக் குத்துதில்ல? அது வெறும் தண்ணி. மெத்து மெத்துன்னுதான் இருக்கு." 

அப்புறம் அந்தப் பழைய கதையை ஆரம்பிச்சுட்டார். ஒரு தடவை ஆபீசர் ஒருத்தர் ஏணி போட்டு ஏறிப் பாருன்னாராம். ஏறிப் போனவர் உள்ளே இருக்கற மிஷினு, விளக்கு எதையும் பாக்கலை. முன்னாடி இருக்கற கண்ணாடியைத் தொட்டுப் பாத்துட்டு எறங்கிட்டாராம். "ஓட்டறவன் மொகத்துக்கு நேரா இருக்குது அம்மிணி. அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறது என்னமோ உன்ற தம்பி வயசுப் பையன்."

ஞாயித்துக்கிழமை வியாபாரத்துல நின்னுட்டு இந்தக் கதையை யாரு கேப்பாங்க? நான் எடை போட்டுட்டே உம் கொட்டினேன்.

மக்யாநாளு விடிஞ்சதும் ஒரு நீலக் கலர் டிரம்மை சைக்கிள்ல கட்டி இழுத்துட்டு வந்தார். மூடி போட்டது, நல்லா கனமான டிரம். "எல்லாத்தையும் இதுல போட்டு மூடி வை. தினமும் நான் வந்து எடுத்துட்டுப் போயித் தோட்டத்துல ஆழமாப் புதைச்சுர்றேன்"னார். தோட்டம் எங்கே இருக்கு, ரெண்டு மைலு தள்ளி. அந்த வயசுல சைக்கிள்ல கோழிக் குடலை ஏத்திட்டுப் போறாராம். ஊர் என்ன சொல்லும்? பேத்தி சீரை வாங்கிட்டுத் தாத்தனைக் குப்பை அள்ள விட்டுட்டான்னுதான?

அதுவும் இல்லாம, அவ்வளவு நல்ல டிரம்ல போயி யாராச்சும் குடலைப் போடுவாங்களா? நான் கழுவித் தண்ணி பிடிச்சு வெச்சேன். கோடையில எவ்வளவு உதவியா இருந்துச்சு தெரியுமா.

அவர் வந்து பாத்தார். மூடியைத் திறந்தார். தண்ணியில அவர் மூஞ்சிதான் தெரிஞ்சுது. மூடியைத் திரும்பப் போட்டுட்டுப் போனார். நானும் விட்டுட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை, கடை முன்னாடி கூட்டம் கூட்டமா நிக்குது. எங்கூட்டுக்காரருக்குத் தலை நிமிர நேரமில்லை. பின்னாடி டமால்னு ஒரு சத்தம். தராசு என் கையிலேருந்து கீழே விழுந்துச்சு. அப்ப இவ என் வயித்துல இருந்தா, அவளும் ஒரு உதை உதைச்சா. ஒரு அம்மா, சிலிண்டர் வெடிச்சுப் போச்சுன்னு கத்திட்டு ரோட்டுக்கு ஓடினாங்க. பின்னாடி போயிப் பாத்தா எங்க அப்பிச்சி. ஒரு கையில ஊதுவத்தி, ஒரு கையில வேட்டு. ஆகாசத்துல பருந்து ஒண்ணு கூட இல்லை. கடையில ஆளும் ஒண்ணு கூட இல்லை.

"என்ன அப்பிச்சி இது?"

"நீ வியாபாரத்தைப் பாரு அம்மிணி. நான் இதைப் பாத்துக்கறேன்."

"வியாபாரம் எங்கே இருக்கு? அதான் வெரட்டிவிட்டீங்களே, பருந்தோட சேத்து!"

அதுக்கு ஒரு சாஸ்திரம் வேற சொன்னாருங்க. பிளேன் வர்றதுக்கு முன்னாடியே வேட்டைப் போட்டுரோணுமாம். வந்ததுக்கப்புறம் போட்டா உக்காந்திருக்கறதெல்லாம் மிரண்டு எந்திரிச்சு நேரா அது மேலேயே போயிருமாம். "வருதுன்னு தெரிஞ்சா வேட்டைத் தொடக் கூடாது. எறங்கின பொறவுதான்." கைக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்றார். நான் கேட்டேனா இதை? 

அந்த மாசம் பூரா இதே ரவுசு. அப்புறம்தான் அது நடந்துச்சு.

பெருசா ஒண்ணும் இல்லீங்க. ஒரு பிளேன் எறங்க வந்துச்சு, ஒரு பருந்து அடிச்சுது. நான் இங்கே வெங்காயம் உரிச்சுட்டிருந்தேன், பட்டுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. பிளேன் ஒரு மாதிரி ஆடிட்டு மறுபடியும் மேலே ஏறி, ஒரு சுத்து சுத்துச்சு. அப்பிச்சி எதுத்த பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தார். டீ கிளாஸு கையில. டீ ஆடை கட்டிருச்சு, அவர் அசையலை. நான் பாத்துட்டேதான் இருந்தேன். ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்துச்சு. அப்புறம் எறங்கிருச்சு. எறங்கிருச்சுங்க! ஓட்டின பையனுக்கு ஒண்ணும் ஆகலை, நடந்துதான் போனானாம். செத்தது பருந்துதான். அப்புறம் என்ன? 

ஆனா அன்னிக்கு அவர் 'எறங்கிருச்சு'ன்னு சொல்லலை. டீயைக் கீழே ஊத்திட்டு, கிளாஸை டீக்கடைக்காரன்கிட்டக் குடுத்துட்டு, நேரா கேம்ப் கேட்டுக்குப் போயிட்டார்.

மறுநாள் வர்றாங்க. பஞ்சாயத்துல இருந்து ரெண்டு பேரு, கேம்ப்புல இருந்து ஒரு ஆபீசர். முன்னாடி யாரு கை காட்டிட்டு நடந்து வர்றதுங்கறீங்க? எங்க அப்பிச்சி! பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு வீடு காட்டற மாதிரி வர்றார். அந்த ஆபீசர் போர்டைப் பாத்தார். அவருக்குத் தமிழ் தெரியும். அப்பிச்சியைப் பாத்தார்.

"வெள்ளிங்கிரி, இது உங்க கடையா?"

"என்ற பேத்தி கடைங்க சார். பேரு மட்டும் என்றது."

ஒரு பொய் சொல்லிருக்கலாம்லங்க? யாரோ வெளியூரான்னு சொல்லிருக்கலாம். ஊரே கொட்டற குழிதானேன்னாச்சும் சொல்லிருக்கலாம். அதை நான்தான் சொன்னேன். "ஊருக்குள்ளே எல்லாரும்தான் கொட்டறாங்க சார்"ன்னேன். ஆபீசர் நல்லவர், தன்மையாத்தான் பேசினார். "மூடி போட்ட டிரம் ஒண்ணு வெச்சுக்கக் கூடாதாம்மா?"ன்னு கேட்டார். எல்லாருமாத் திரும்பி அந்த நீலக் கலர் டிரம்மைப் பாத்தாங்க. 

"இருக்குங்க சார்"ன்னு எங்கூட்டுக்காரர் சொன்னார். "அதுல தண்ணி இருக்குங்க."

அப்பிச்சி தரையைப் பாத்துட்டு நின்னார்.

கழிவுக்கு ஒரு ஏற்பாடு பண்ணி, பஞ்சாயத்துல அனுமதி வாங்கிட்டுத் திறந்துக்குங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. நான் திறக்கலை. எதுக்குத் திறக்கோணும்? சொந்தத் தாத்தனே போலீஸ்காரனாட்டக் கூட்டிட்டு வந்து நிறுத்தினப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுட்டுத் திறக்கறது? அன்னிக்கே ஷட்டரை இழுத்து விட்டேன், பூட்டைப் போட்டேன். எங்கூட்டுக்காரர், "திறக்கலாம் மைனா, பஞ்சாயத்து வண்டி வந்து எடுத்துக்குமாம்"ன்னு எத்தனையோ தடவை சொன்னார். முடியாதுன்னுட்டேன். அவர் பழையபடி பனியன் கம்பெனிக்குப் போறார், பழையபடி உக்காந்தபடியே தூங்கறார். இதுக்கெல்லாம் யாரு காரணம்? சொல்லுங்க, கடையை மூடினது யாரு?

அப்பிச்சி தினமும் வருவார். அந்த பஸ் ஸ்டாப்புலதான் உக்காருவார், எந்த பஸ்ஸுலயும் ஏற மாட்டார். இவ பொறந்தப்ப வீட்டுக்கு வந்தார். வாசல்லேயே நின்னுட்டு, "தூக்கிக்கட்டுமா அம்மிணி?"ன்னு கேட்டார். தூங்கறான்னு சொல்லிட்டேன். இவ என் தோள் மேல முழிச்சுட்டு அவரைப் பாத்துச் சிரிச்சுட்டுத்தான் இருந்தா. "தூங்கட்டும், தூங்கட்டும்"னு சொல்லிட்டுப் போனார். 

அப்புறம் என்ன பண்ணார்னு கேளுங்க. ஒரு மண்வெட்டி, ஒரு சட்டி. ஓடைப் பக்கமிருந்து மண்ணு வெட்டிட்டு வந்து, இந்தப் பாறைக்குழியை மூட ஆரம்பிச்சுட்டார். தனி ஆளா. கடைதான் மூடியாச்சே, குடலு போடறதுக்கு ஆளு இல்லையே, இன்னும் எதுக்குன்னு எங்கம்மா கேட்டதுக்கு, "அவ நாளைக்கு மனசு மாறித் திறந்தா?"ன்னாராம். பாத்தீங்களா குசும்பை? நான் திறந்துருவேனாம். திறந்து மறுபடியும் அதுலேயே கொட்டுவேனாம். என் மேல அவ்வளவுதான் நம்பிக்கை. ஊர் பூரா பாக்கோணும், பேத்தி கொட்டினதைத் தாத்தன் மூடறார்னு பேசோணும், அதுக்குத்தான் பண்றார்னு நான் இந்தப் பக்கமே வர்றதில்லை.

குழி முக்கால்வாசி மூடினப்பத்தான் விழுந்துட்டார். மண்வெட்டி மேலேயே சாஞ்சு கிடந்தாராம். டீக்கடைக்காரர் பாத்துத் தூக்கிருக்கார். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளே முடிஞ்சுது.

இல்லீங்க்கா, நான் அழலை. ஷட்டரைத் தூக்கினதுல தூசி. இந்தத் தூசி எனக்கு ஆகாது.

அவரை எடுத்துட்டுப் போன அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும், அவர் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு. வேட்டு வெள்ளிங்கிரியாச்சே, வேட்டுப் போடாம அனுப்ப முடியுமா? என் தம்பி தினேசு அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியா வாங்கிட்டு வந்து வெச்சுட்டான். பொம்பளைங்க நாங்க வீதி முக்கு வரைக்கும்தான் போவோம். வீதி முக்குன்னா இதோ, இந்த வேகத்தடைதான். பாடை இங்கே வந்துச்சு. அதோ, ரோட்டோரமா இருக்குதில்ல, அந்தத் தோட்டத்துல அன்னிக்குத்தான் உழவு ஓட்டிருந்தாங்க, புழு பொறுக்கறதுக்குக் கொக்கு வெள்ளை வெளேர்னு எறங்கி உக்காந்திருக்கு, அத்தனை கொக்கு. தினேசு பெரிய வேட்டா எடுத்து ரோட்டுல வெச்சுட்டு, ஊதுவத்தியை ஊதிட்டுக் குனியறான்.

அப்ப எனக்குச் சத்தம் கேட்டுச்சு. 

"டேய், போடாதடா!"ன்னு கத்தினேன்.

"என்னக்கா?"

"போடாதேங்கறேனில்ல? வருது."

"எது வருது?"

யாருக்கும் இன்னும் கேக்கலை. மேளம் அடிக்கறாங்கல்ல, எப்படிக் கேக்கும்? நான் போயி மேளக்காரங்க முன்னாடி ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னேன். நிறுத்திட்டாங்க. எங்க பெரிய மாமா ஒருத்தர், "ஏம்புள்ள, பொணத்தை நடுரோட்டுல நிறுத்தக் கூடாது, கிறுக்குப் பிடிச்சுப் போச்சா உனக்கு?"ன்னு சத்தம் போட்டார். "சித்த நேரம் நின்னா என்ன மாமா? அவருக்கென்ன அவசரம்?"னு நானும் சத்தம் போட்டேன். தினேசு ஊதுவத்தியைக் கையில வெச்சுட்டு என்னையும் பாக்கறான், மாமாவையும் பாக்கறான். 

அப்புறம் எல்லாருக்கும் கேட்டுச்சு. பாடையைத் தோள்ல வெச்சுட்டு நாலு பேரும் அப்படியே நிக்கறாங்க.  சுத்தி வந்துச்சு, தாழ வந்துச்சு, எங்க தலைக்கு மேலேயே போச்சு. பாடையில அவர் மூஞ்சி மேலே பாத்தபடிதான் இருந்துச்சு. கொக்கு ஒண்ணும் எந்திரிக்கலை. பிளேன் வேலிக்கு அந்தப் பக்கம் போயி மறைஞ்சுது. நாங்க நின்னுட்டே இருந்தோம். 

அத்தனை பேரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க.

"எறங்கிருச்சு"ன்னேன். "இப்பப் போடுங்கடா."

போட்டானுங்க பாருங்க! கொக்கு பூரா ஒரே நேரத்துல எந்திரிச்சு, வெள்ளைத் துணியை உதறின மாதிரி அந்தப் பக்கமாப் போச்சு. 

அன்னிக்குத்தான் எனக்குக் கோவம் தலைக்கு ஏறுச்சுங்க. உயிரோட இருந்தப்ப என் வியாபாரத்தைக் கெடுத்தார். செத்தும் என்னை வேலை வாங்கறார், பாருங்க! ஊரு முன்னாடி நடுரோட்டுல கையைத் தூக்கிட்டு நிக்க வெச்சுட்டார். இப்பக் கூட வீதியில புள்ளைங்க வேட்டு வெச்சுட்டா, "மைனாக்கா, போடலாமா?"ன்னு வந்து கேட்டுட்டுத்தான் போடுதுங்க. எனக்கு இது தேவையா?

சரி, என் கதை எதுக்கு. கடை உங்களுக்குப் பிடிச்சிருக்கா? வாடகை விஷயமெல்லாம் எங்கூட்டுக்காரர் பேசுவார், கறாரா இருக்க மாட்டார், பயப்படாதீங்க. போர்டை வேணும்னா நான் எடுத்துட்டுப் போயிர்றேன். 

இப்படி வாங்க, பின்னாடி ஒண்ணு காட்டோணும். குழியில மீதி இருந்த பள்ளத்துக்கு நாங்களே டிராக்டர் வெச்சு மண்ணு அடிச்சுட்டோம். எனக்காக இல்லை, பாப்பா விளையாடறப்ப விழுந்துருவாள்ல, அதுக்காக. அதுல யாரும் ஒரு எறகு கூடக் கொட்டக் கூடாது. கோழி நீங்க வெளியே வெட்டி வாங்கினாலும் சரி, இங்கேயே வெட்டினாலும் சரி, எலும்பு, எச்சில் இலை, எல்லாம் இந்த நீலக் கலர் டிரம்லதான். கழுவித்தான் வெச்சிருக்கேன். தண்ணி பிடிக்கறதுக்கு இல்லீங்க இது, தண்ணிக்கு வேற டிரம் வாங்கிக்குங்க. சாயங்காலம் பஞ்சாயத்து வண்டி வரும். வரலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க, நான் வந்து எடுத்துட்டுப் போறேன். ஸ்கூட்டர்ல வெச்சுக் கட்டிக்குவேன், அதெல்லாம் எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லை. இதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் சாவி. மத்ததெல்லாம் உங்க இஷ்டம். ஏற்கெனவே வந்த ரெண்டு பேரு, இந்த ஊருல யாருங்க டிரம் வெக்கறாங்கன்னு கேட்டாங்க, போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்.

ஏன்டி, வாயில பிஸ்கட்டை வெச்சுட்டு மெல்லாம இருக்கே? முழுங்கு. இவ எப்பவும் இப்படித்தாங்க, திடீர்னு வாயை நிறுத்திருவா. அவரைப் பாத்தது அந்த ஒரு தடவைதான், எங்கேருந்து வந்து ஒட்டுச்சோ...

இருங்க.

...

எறங்கிருச்சு.

இந்தாங்க சாவி. டிரம் மூடி மேல ஒரு கல்லு வெச்சிருக்கேன் பாருங்க, காத்துக்குப் பறக்காம இருக்கறதுக்கு. அதை மட்டும் எடுத்துறாதீங்க்கா.